பேட்டரி ஹெல்த் ஏன் ஏறி இறங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வாரம் 88 காட்டிய போன் இந்த வாரம் 86 காட்டுகிறது. அடுத்த வாரம் பார்த்தால் 87. லேப்டாப்போ சில நாட்களில் ஏழு புள்ளி இழந்துவிட்டு நிற்கிறது. இப்படிப் பார்த்துப் பதறியவர்கள் என்னிடம் கேட்டவை, நானே பதறிய காலத்தில் தேடி அலைந்தவை என எல்லாக் கேள்விகளும் இங்கே இருக்கின்றன. பதில்கள் லித்தியம் அயன் பேட்டரிக்கானவை. இன்று போன், லேப்டாப், டேப்லெட், ஸ்மார்ட்வாட்ச் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான்.

பேட்டரி ஹெல்த் என்று காட்டும் சதவீதம் எதைச் சொல்கிறது?

பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்று தயாரிப்பாளர் குறித்திருந்தாரோ, அதில் இப்போது எவ்வளவு கொள்கிறது என்பதை. 5,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, சார்ஜை அளக்கும் அலகு) என்று வந்த பேட்டரி இப்போது 4,300தான் கொள்கிறது என்றால் ஹெல்த் 86 சதவீதம். திரையின் மூலையில் தெரியும் சார்ஜ் சதவீதம் வேறு. பானையில் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது சார்ஜ். பானையே எவ்வளவு கொள்ளும் என்பது ஹெல்த்.

அதை எப்படி அளக்கிறார்கள்?

நேராக அளக்க முடியாது. எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான். பேட்டரிக்குள் எட்டிப் பார்த்து மிச்சத்தை எண்ணும் கருவி எதுவும் உங்கள் போனில் கிடையாது. இருப்பது ஒரு சின்ன சிப். ஃப்யூல் கேஜ் என்பார்கள். அதை ஒரு கடையின் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, வரவு செலவை எழுதிக்கொண்டே இருப்பது. பேட்டரிக்குள் போகும் மின்னோட்டமும் வெளியே வரும் மின்னோட்டமும் மிகக் குறைந்த மின்தடை கொண்ட ஒரு ரெசிஸ்டர் வழியாகத்தான் போகவேண்டும். அதன் இரு முனைகளுக்கும் இடையே எழும் துளி வோல்டேஜை அளந்து, இந்த நொடி எவ்வளவு போனது, வந்தது என்று சிப் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். குறை என்னவென்றால், ஒவ்வொரு அளவிலும் ஒரு நூலிழைப் பிழை உண்டு. நாள் முழுக்கக் கூட்டினால் பிழையும் சேர்ந்து கூடும்.

இரண்டாவது வழி, கல்லாவைத் திறந்து எண்ணுவது. பேட்டரியின் வோல்டேஜ் அந்தக் கல்லா. செல் (பேட்டரிக்குள் இருக்கும் மின்கலம்) நிரம்பியிருக்கும்போது வழக்கமாகச் சுமார் 4.2 வோல்ட், காலியாகும்போது 3 வோல்ட்டை ஒட்டி. (புதிய செல்கள் சிலவற்றில் மேல் எல்லை இன்னும் கொஞ்சம் அதிகம்.) வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று ஓர் அட்டவணையில் தேடிக்கொள்ளலாம். ஆனால் கடையில் கூட்டம் இருக்கும்போது கல்லாவை எண்ண முடியுமா? வீடியோ ஓடும்போதும் கேம் ஆடும்போதும் வோல்டேஜ் தாழ்ந்து கிடக்கும். நிறுத்தினால் மெதுவாக மேலே ஏறி, நிலைகொள்ளச் சில மணி நேரம்கூட எடுக்கும். போதாததற்கு, நடு சார்ஜில் வோல்டேஜ் கோடு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது. அங்கே சில மில்லிவோல்ட் பிசகினாலே சார்ஜ் சதவீதம் சில புள்ளிகள் தள்ளிப்போய்விடும்.

ஆகவே சிப் இரண்டையும் கலக்கிறது. பொழுது முழுக்க ஏட்டில் எழுதுகிறது. அமைதியான நேரம் கிடைத்தால் கல்லாவை எண்ணி ஏட்டைத் திருத்துகிறது. அந்தத் திருத்தம்தான் உங்கள் கண்ணில் ஏற்றமாகவும் இறக்கமாகவும் படுகிறது.

சரி, ஆனால் ஒரே நாளில் இரண்டு மூன்று புள்ளி எப்படி மாறும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன அதே 5,000 எம்ஏஎச் போன், உண்மைக் கொள்ளளவு 4,300. நீங்கள் 20 சதவீதத்திலிருந்து 80 வரை சார்ஜ் போடுகிறீர்கள். உள்ளே போனது 2,580 எம்ஏஎச். 60 சதவீதத்துக்கு 2,580 என்றால் முழுசுக்கு 4,300. ஹெல்த் 86. சரியான விடை.

இப்போது சார்ஜ் சதவீதத்தில் ஒரே ஒரு புள்ளி பிசகு என்று வையுங்கள். ஏறியது 60 அல்ல, 59 என்று சிப் நினைத்தால் விடை 4,373, அதாவது 87.5. ஏறியது 61 என்று நினைத்தால் 4,230, அதாவது 84.6. பேட்டரியில் ஓர் அணுவும் மாறவில்லை. ஆனால் எண் மூன்று புள்ளி ஆடிவிட்டது.

கொஞ்ச நேரம் மட்டும் சார்ஜரில் செருகி எடுக்கிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். 60லிருந்து 80 வரை போட்டால் உள்ளே போவது 860 எம்ஏஎச். அதே ஒரு புள்ளிப் பிசகில் விடை 90.5 ஆகவும் வரலாம், 81.9 ஆகவும் வரலாம். துண்டு துண்டாகச் சார்ஜ் போடும் போனில் எண் ஏன் தள்ளாடுகிறது என்று இனி யாரும் கேட்கவேண்டியதில்லை. நல்ல சிப்புகள் இப்படி ஒரு தடவையின் விடையை அப்படியே காட்டாமல் பல தடவைகளின் சராசரியை எடுத்து மெதுவாக நகர்த்தும். அதனால்தான் சில போன்களில் ஆட்டம் தெரிவதே இல்லை. அதைத் துல்லியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டத்தைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதோடு முழு எண்ணாக்கும் வேலையும் உண்டு. 86.4 திரையில் 86, 86.6 திரையில் 87. உள்ளே 0.2 நகர்ந்தால் வெளியே ஒரு முழுப் புள்ளி.

குறைந்த ஹெல்த் மறுபடி ஏறியிருக்கிறது. பேட்டரி தேறிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. முன்பு குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள், இப்போது திருத்திக்கொண்டார்கள்.

ஆனால் “பேட்டரி ஒருபோதும் மீளாது” என்று அடித்துச் சொல்கிறவர்களும் முழு உண்மையைச் சொல்வதில்லை. இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. செல்லுக்குள் நேர்மின்முனைத் தகடும் எதிர்மின்முனைத் தகடும் மெல்லிய சுருளாகவோ அடுக்காகவோ இருக்கும். இதில் எதிர்மின்முனையான கிராஃபைட் தகட்டை ஓரங்களில் கொஞ்சம் பெரிதாக வெட்டுவார்கள். சார்ஜ் ஏறும்போது விளிம்பில் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. அந்த உபரி ஓரத்துக்கு நேர் எதிரே யாரும் இல்லை. பேட்டரி வாரக்கணக்கில் நிறைந்த சார்ஜில் கிடந்தால் கொஞ்சம் லித்தியம் மெதுவாக அந்த ஓரத்துக்குள் ஒதுங்கிவிடுகிறது. கொள்ளளவு குறைந்தது போலத் தெரியும். பிறகு குறைந்த சார்ஜில் பல நாட்கள் இருந்தால் ஒதுங்கியது மெதுவாகத் திரும்பி வருகிறது. அப்போது கொள்ளளவு நிஜமாகவே சற்று ஏறும். அளவு சிறியதுதான், வேகமும் ஆமை வேகம். இருந்தாலும் ஏற்றம் எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது.

நிரந்தரமாகப் போவது வேறு. கிராஃபைட்டின் மேல் படியும் ஒரு மெல்லிய படலம் ஒவ்வொரு சார்ஜ் சுழற்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, லித்தியத்தை விழுங்கிக்கொண்டே போகிறது. அது திரும்பாது.

குளிரில் ஹெல்த் குறைகிறதா?

காட்டும் எண் குறையலாம். குளிரில் லித்தியம் அயனிகளின் நடமாட்டம் மந்தமாகி, பேட்டரியின் உள்மின்தடை ஏறுகிறது. அதே வேலைக்கு வோல்டேஜ் கூடுதலாகத் தாழ்கிறது. “காலி” என்ற எல்லைக்கோட்டைச் சீக்கிரம் தொட்டுவிடுகிறது. இவ்வளவுதான் கொள்கிறது போல என்று சிப் எழுதிக்கொள்கிறது. வெப்பநிலையையும் கணக்கில் சேர்க்கும் சிப்புகள் உண்டு, ஆனாலும் முழுசாக ஈடுகட்ட முடிவதில்லை. பேட்டரி கதகதப்பானதும் தொலைந்த திறன் திரும்பிவிடும்.

சூட்டில் நேர்மாறு நடக்கிறது. இதமான சூட்டில் பேட்டரி சுறுசுறுப்பாக இயங்கும், எண்ணும் நன்றாகத் தெரியலாம். அதே சூடுதான் மேலே சொன்ன படலத்தை வேகமாக வளர்க்கிறது. குளிர் எண்ணைக் கெடுக்கும், சூடு பேட்டரியையே கெடுக்கும்.

80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தி வைக்கிறேன். அப்படியும் ஹெல்த் திடீரென்று விழுந்தது. ஏன்?

இது எனக்கே நடந்தது. லேப்டாப்பை மேஜையில் வைத்து, 80 சதவீத வரம்பு போட்டு, மாதக்கணக்கில் சார்ஜரிலேயே ஓட்டினேன். ஹெல்த் 91 என்று ஆணி அடித்தது போல நின்றது. எனக்கும் பெருமை. பிறகு ஒரு பயணத்தில் சார்ஜர் இல்லாமல் மூன்று நாள் பேட்டரியிலேயே வேலை பார்த்தேன். திரும்பி வந்து பார்த்தால் 84. மூன்று நாளில் ஏழு புள்ளி!

பயணம் பேட்டரியைத் தின்னவில்லை. அந்த ஏழு புள்ளிகள் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனவை. கணக்குப்பிள்ளை கல்லாவை எண்ணச் சந்தர்ப்பமே கிடைக்காததால் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தார். நிறைந்த நிலை, வெறுமையான நிலை இரண்டும்தான் சிப்புக்கு உறுதியான அடையாளக் கற்கள். இரண்டையும் தொடாமல் நடுவிலேயே ஓடும் பேட்டரியில் கணக்கு பழசாகிப்போகிறது.

இதற்காக 80 சதவீத வரம்பை எடுத்துவிட வேண்டாம். பேட்டரிக்கு அது நல்லதுதான். நிறைந்த சார்ஜில், அதுவும் சூட்டில், நெடுநேரம் கிடப்பது செல்லை வேகமாக முதுமையாக்கும். பேட்டரிக்கு நல்லது அளவீட்டுக்கு நல்லதாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்படியானால் கேலிப்ரேஷன் (அளவீட்டைச் சரிசெய்வது) செய்யவேண்டுமா?

எண் கண்ணுக்கு அபத்தமாகத் தெரிந்தால் மட்டும். 100 வரை ஏற்றி, ஏறிய பிறகும் ஓரிரு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள். பிறகு வழக்கம்போலப் பயன்படுத்தி, தானாக அணையும் அளவுக்கு இறக்குங்கள். அணைந்த நிலையில் சில மணி நேரம் சும்மா இருக்கட்டும். வோல்டேஜ் நிலைகொள்ள அந்த ஓய்வு தேவை, பலரும் தவறவிடும் படி இதுதான். அப்புறம் இடையில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். பல கருவிகளில் ஒரு சுற்றே போதும்.

இது பேட்டரிக்கு வைத்தியம் அல்ல, கணக்கேட்டுக்குத் திருத்தம். வாராவாரம் செய்தால் பேட்டரிக்குத்தான் வீண் தேய்மானம். “அடிக்கடி முழுசாகத் தீர்த்துவிட்டுச் சார்ஜ் போடு” என்பது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை. சோனி முதல் லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991இல். அறிவுரை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

போனின் செட்டிங்ஸ் ஓர் எண் சொல்கிறது, தனியாகப் போட்ட ஆப் வேறு எண் சொல்கிறது. எதை நம்புவது?

முதலில், இரண்டும் ஒரே வகுத்தலைச் செய்கின்றனவா என்று பாருங்கள். பேட்டரிக்குப் பெரும்பாலும் இரண்டு கொள்ளளவுகள் சொல்வார்கள்: விளம்பரத்தில் வரும் சராசரி அளவு, இதற்குக் குறையாது என்று உறுதி தரும் குறைந்தபட்ச அளவு. ஒரே பேட்டரிக்கு 5,000 என்றும் 4,855 என்றும் இரண்டு எண்கள் இருக்கலாம். நம்முடைய 4,300ஐ முதலாவதால் வகுத்தால் 86, இரண்டாவதால் வகுத்தால் கிட்டத்தட்ட 88.6. இரண்டு ஆப்களும் சரியாகவே அளந்திருந்தாலும் விடை ஒத்துப்போகாது.

அடுத்து, பல ஆப்கள் மின்னோட்டத்தை இடைவெளி விட்டு விட்டுத்தான் படிக்கின்றன. நடுவில் நடந்தது தெரியாது. அதிவேகச் சார்ஜிங் உள்ள சில போன்களில் பேட்டரி இரண்டு செல்களாக இருக்கும். அங்கே சிஸ்டம் ஒரு செல்லின் மின்னோட்டத்தை மட்டும் தெரிவித்தால் ஆப் அதையே முழுசாக எடுத்துக்கொண்டு “உங்கள் பேட்டரி ஹெல்த் 45 சதவீதம்” என்று குண்டு போடும். ஹெல்த் பாதிக்குப் பக்கத்தில் காட்டி, போன் மட்டும் நாள் முழுக்கத் தாங்கினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

போனே சொல்லும் எண்ணைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். அது இல்லாத போனில் ஆப் போதும், ஆனால் அகலமான சார்ஜ்களாகப் பத்துப் பதினைந்து முறை ஏற்றிய பிறகு வரும் சராசரியைப் பாருங்கள்.

அப்டேட் போட்டதும் ஹெல்த் விழுந்துவிட்டது. அப்டேட்தான் கெடுத்ததா?

கணக்குப் போடும் விதத்தை அப்டேட் மாற்றியிருக்கலாம். 2021இல் வந்த ஐஓஎஸ் 14.5 இதற்கு நல்ல உதாரணம். ஐபோன் 11 வரிசையில் சிலருக்கு ஹெல்த் எண் தவறாக மதிப்பிடப்படுகிறது என்று சொல்லி, அந்த அப்டேட்டில் மறுகணக்கிடும் வசதியை ஆப்பிள் சேர்த்தது. அது முடியச் சில வாரங்கள் ஆகலாம் என்றும் சொன்னது. பேட்டரி அதேதான், எண் மட்டும் நகர்ந்தது.

அப்டேட்டுக்குப் பின் ஓரிரு நாள் சார்ஜ் சீக்கிரம் தீர்வது தனி விஷயம். பின்னணியில் படங்களையும் கோப்புகளையும் மறுபடி அட்டவணைப்படுத்தும் வேலை ஓடும், அது அடங்கிவிடும்.

ஒரு வருஷமாக 100லேயே நிற்கிறது, பிறகு மளமளவென்று இறங்குகிறது. இது என்ன?

புதுப் பேட்டரி பலவும் குறித்த அளவுக்கு மேலேயே கொள்ளும். உண்மையில் 104 ஆக இருந்தாலும் 100க்கு மேல் காட்டாத கருவிகள் பல. 104 இறங்கி 100க்கு வரும்வரை உங்களுக்கு எதுவும் தெரியாது. லேப்டாப்களில் சில ஒளிவுமறைவில்லாமல் 102, 103 என்றே காட்டிவிடும்.

லேப்டாப்பில் பழைய அளவுகளைப் பார்க்க வழி உண்டா?

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை எழுதி, ஓர் இடைவெளியும் சாய்கோடும் போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக எழுதுங்கள் (ஆங்கில எழுத்துகளில்: powercfg /batteryreport). ஓர் அறிக்கை உருவாகும். அதில் கொள்ளளவு வரலாறு என்ற பகுதியில் குறித்த அளவும் அப்போதைய முழு அளவும் தேதிவாரியாக மில்லிவாட் மணியில் இருக்கும். ஏறி இறங்கி ஏறும் வரிசையைப் பார்த்தால் இதுவரை சொன்னது எல்லாம் கண் முன் தெரியும். மேக்புக்கில் சிஸ்டம் செட்டிங்ஸின் பேட்டரிப் பகுதியில் இப்போதைய அளவு கிடைக்கும்.

லேப்டாப்புக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அதில் பல செல்கள் தொடராக இணைந்திருக்கும். அவற்றில் நலிந்த ஒரு செல் காலியானாலே முழுப் பேட்டரியும் காலி என்றுதான் பொருள். செல்களுக்கு இடையே சமநிலை கூடிக் குறையும்போது எண்ணும் கூடிக் குறையும்.

எல்எஃப்பி பேட்டரிகளுக்கும் இது பொருந்துமா?

இன்னும் அதிகமாக. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் நடு சார்ஜ் முழுக்க வோல்டேஜ் 3.2, 3.3 பக்கத்திலேயே சமவெளியாகக் கிடக்கும். வோல்டேஜைப் பார்த்து மிச்சத்தைச் சொல்வது ஏறக்குறைய நடக்காத காரியம். இந்த வகை பேட்டரி உள்ள கார்களை வாரம் ஒருமுறையாவது 100 வரை சார்ஜ் போடச் சொல்லி டெஸ்லா அறிவுறுத்துவது இதனால்தான்.

ஹெல்த் 85 காட்டுகிறது, ஆனால் 30 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே போன் அணைகிறது. எண் பொய்யா?

பொய் இல்லை, பாதிக் கதை. கொள்ளளவு மட்டுமே ஆரோக்கியம் அல்ல, உள்மின்தடையும் சேர்ந்தது. ஓய்வில் 3.7 வோல்ட் காட்டும் ஒரு செல்லை எடுத்துக்கொள்வோம். கேமராவைத் திறக்கிறீர்கள், ஒரு கணம் 2 ஆம்பியர் இழுக்கிறது. உள்மின்தடை 0.1 ஓம் என்றால் 0.2 வோல்ட் தாழ்ந்து 3.5இல் நிற்கும்; போனுக்கு ஒன்றும் ஆகாது. முதுமையில் மின்தடை 0.25 ஓம் ஆகிவிட்டால் அதே கணத்தில் 0.5 வோல்ட் தாழ்ந்து 3.2. போனுக்குத் தேவையான குறைந்தபட்சம் அதற்கு மேல் இருந்தால் சட்டென்று அணைந்துவிடும். தண்ணீர் இருக்கிறது, பானையின் வாய்தான் அடைத்துக்கொண்டது. குளிரில் இது இன்னும் அதிகம். இந்த நிலையில் ஹெல்த் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, பேட்டரியை மாற்றுங்கள்.

இயர்பட்ஸ், வாட்ச்?

சின்னஞ்சிறு பேட்டரி. இயர்பட்ஸ் பலவற்றில் ஹெல்த் எண்ணே காட்டமாட்டார்கள். எத்தனை மணி நேரம் பாடுகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பதே மேல்.

புதுப் பேட்டரி போட்டும் 100 காட்டவில்லையே?

பழைய பேட்டரியின் கணக்கை வைத்தே கருவி ஓடிக்கொண்டிருக்கலாம். சில சார்ஜ் சுற்றுகள் முடியட்டும். அதன் பிறகும் 90ஐத் தாண்டவில்லை என்றால் போட்டவரிடம் போய்க் கேளுங்கள். கடை அலமாரியில் நெடுநாள் கிடந்த பேட்டரியாக இருக்கலாம்.

எப்போது மாற்றுவது?

80 சதவீதம் என்பது பொதுவாகச் சொல்லும் எல்லை. ஆப்பிள் கணக்குப்படி ஐபோன் 14 வரையிலான போன்கள் 500 முழுச் சுழற்சிகள் வரையிலும், ஐபோன் 15 வரிசை 1,000 சுழற்சிகள் வரையிலும் 80ஐத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. இன்று 50, நாளை 50 என்று செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி. 80 என்பது கத்தி முனை அல்ல. 79இல் நாள் முழுக்க ஓடினால் விட்டுவிடுங்கள். 87இலேயே மத்தியானத்தில் தீர்ந்து உங்கள் வேலை கெட்டால் மாற்றுங்கள். முடிவெடுக்கும் முன் மூன்று மாத இடைவெளியில் குறித்த எண்களை ஒப்பிடுங்கள், நேற்றையும் இன்றையும் அல்ல.

ஒரே ஒரு விதிவிலக்கு, உப்பிய பேட்டரி. திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டாலோ, டச்பேட் அமுங்க மறுத்தாலோ, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ, திரையில் 95 இருந்தாலும் பொருட்டல்ல. சார்ஜ் போடுவதை அப்போதே நிறுத்தி, அணைத்து வையுங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம், நீங்களே நெம்பி எடுக்கவும் வேண்டாம். எரியக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மறுசுழற்சிக்குக் கொடுக்கும்படியும் அவரிடம் சொல்லுங்கள்.